எது இல்லை என்பதையும் எழுதுங்கள்

தர்மபுரியில் என் பிழைப்பு, கடைகளை ஆன்லைனில் மேலே கொண்டுவருவது. டயர் கடை, பல் கிளினிக், கல்யாண மண்டபம், ஓசூர்ப் பக்கம் சில ஒர்க்‌ஷாப் என்று யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: தேடினால் நம்ம பேர் முதல்ல வரணும், எதிர்க் கடைக்காரன் பேர் அப்புறம் வரணும். இப்படியே பழகிப்போன எனக்கு, ஒரு டீச்சர் வந்து, "தம்பி, எங்க மையத்தோட பேரை கூகுள்ல இருந்து, மத்த லிஸ்ட்டுல இருந்து எல்லாம் எடுத்துவிட முடியுமா?" என்று கேட்டபோது என்ன சொல்வதென்றே தெரியவில்லை. காசு கொடுத்து மறைத்துவிடச் சொன்ன முதல் ஆள் அவர்தான். ஏதோ சமாளித்து அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி அதோடு போகவில்லை, இன்றுவரை மண்டைக்குள் குடைந்துகொண்டுதான் இருக்கிறது.

டீச்சர் நடத்துவது மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஒரு சின்னப் பயிற்சி மையம். பென்னாகரம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், வாடகை வீட்டின் கீழ்த்தளம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள், 12 வயது வரை. அவரையும் சேர்த்து இரண்டு சிறப்பாசிரியர்கள், வாரத்தில் சில நாள் வந்துபோகும் பேச்சுப் பயிற்சியாளர், ஒரு பிசியோ, ஒரு ஆயாம்மா. இடம் எப்போதும் நிறைந்தேதான் இருக்கும். பின்னே எதற்கு மறையவேண்டும் என்று கேட்டால், "நிறைஞ்சிருக்குன்னு இல்ல தம்பி. வர்றவங்கள்ல பாதிப் பேர் நம்மகிட்ட வரவேண்டியவங்களே இல்ல. அவ்ளோ தூரத்துல இருந்து புள்ளைய தூக்கிட்டு வந்தவங்ககிட்ட வாசல்ல நின்னு இல்லைன்னு சொல்றது எனக்கு ஆகல" என்றார்.

அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு லிஸ்டிங் கம்பெனி ஆள், பெயர் வேண்டாம், மையத்துக்கு வந்து விவரம் வாங்கிப் போயிருக்கிறார். டீச்சர் சந்தா கட்டவில்லை, ஆனால் பதிவு மட்டும் ஏறிவிட்டது. அதில் சேவைகள் என்ற இடத்தில் இருந்தவை: பிசியோதெரபி, முதியோர் இல்லம், செயற்கைக் கால், காது கேட்கும் கருவி, மாற்றுத்திறனாளிகள் சேவை. நேரம், 24 மணி நேரமும். இருந்த டிக் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். அதைப் பார்த்து இன்னும் சில குட்டிப் பட்டியல்கள் அப்படியே எடுத்துப் போட்டிருந்தன. மேப்பில் இரண்டு புள்ளி, ஒன்று பழைய வாடகை வீட்டில். கொடுத்திருந்த மொபைல் நம்பர் டீச்சர் ரீசார்ஜ் செய்யாமல் விட்டது, அது இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

தேடுகிறவர் யார் என்பதையும் யோசிக்கவேண்டும். டயர் வாங்குகிறவர் அவரே தேடி அவரே வருவார். இங்கே அப்படி இல்லை. ஏரியூரிலோ கோட்டப்பட்டியிலோ இருக்கும் அம்மா தேடுவதில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மாமாவோ, காலேஜ் படிக்கும் அக்கா மகளோ ராத்திரி ஃபோனில் தேடி, முதலில் வந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்தப் படம் கைக்கு வந்து சேரும்போது அதில் மிஞ்சுவது ஒரு பெயர், ஒரு நம்பர், நாலு நட்சத்திரம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டுதான் ஒரு குடும்பம் விடியற்காலை பஸ் ஏறுகிறது. உள்ளே விரிவாக எழுதியிருக்கிறோமே என்றால் யார் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள்?

இந்த ஊர்ப் பெயரும் பிரிவினையும்

மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத தலைவலி ஒன்று நமக்கு உண்டு. 1965-ல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது, 2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பழைய பட்டியல்கள் பலவற்றில் ஓசூரும் ஊத்தங்கரையும் இன்னும் தர்மபுரி மாவட்டம்தான். பின்கோடை வைத்து மாவட்டம் பிரிக்கும் பட்டியல் என்றால் இன்னும் மோசம். தர்மபுரி 636701, பாலக்கோடு 636808, ஆனால் அதே மாவட்டத்துக் காரிமங்கலத்துக்கு 635111, அதாவது கிருஷ்ணகிரி, ஓசூர் வரிசை. காரிமங்கலத்துக்காரருக்கு அரை மணி நேரத்தில் வரக்கூடிய மையத்தை விட்டுவிட்டு ஓசூரைக் காட்டும். போதாக்குறைக்கு தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் இன்னொரு தர்மபுரி இருக்கிறது, நரசிம்மர் கோயில் ஊர். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் சில நேரம் அங்கே கொண்டுபோய் நிறுத்தும். அதனால் முகவரியில் மாவட்டம், மாநிலம், பின்கோடு, பக்கத்து அடையாளம் எல்லாவற்றையும், எல்லாப் பட்டியலிலும் ஒரே மாதிரி எழுதவேண்டும். ஒரு இடத்தில் 'பென்னாகரம் மெயின் ரோடு', இன்னொரு இடத்தில் 'பென்னாகரம் ரோடு', மூன்றாவது இடத்தில் பழைய நம்பர் என்று இருந்தால், பார்க்கிற ஆளும் குழம்புவார், தேடுபொறியும் இவை வேறு வேறு இடம் என்று நினைத்துக்கொள்ளும். இந்தத் தொழிலில் முதல் பாடம் இதுதான், அலுப்பான வேலையும் இதுதான்.

இதையெல்லாம் டீச்சரிடம் சொல்லி, எடுக்கவேண்டாம், திருத்தினால் போதும் என்று வாதாடிப் பார்த்தேன். கூகுளில் பதிவை அழித்தாலும் யார் வேண்டுமானாலும் மறுபடி ஒரு புள்ளியை வைத்துவிடலாம், நாமே உரிமை கோரிக் கையில் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

சித்தேரியிலிருந்து வந்தவர்

ஒரு சனிக்கிழமை, மையத்தில் உட்கார்ந்து பழைய புள்ளியை மூடிவிட்டதாகக் குறித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. ஒருவர் பதினேழு பதினெட்டு வயதுப் பையனை முதுகில் சுமந்தபடி இரண்டு படியும் ஏறி உள்ளே வந்தார். பையனுக்குத் தசைச்சிதைவு நோய். சித்தேரி மலையிலிருந்து அரூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் தர்மபுரி வந்து, ஆட்டோ பிடித்து விசாரித்து வந்திருக்கிறார்கள். திருப்பூரில் இருக்கும் மச்சினர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் அவர் ஃபோனில் இருந்தது. 'மாற்றுத்திறனாளிகள் சேவை' என்ற வரிக்குக் கீழே மச்சினர் சிவப்பில் கோடு வேறு போட்டிருந்தார். வந்தது அடையாள அட்டைக்கும் மாத உதவித்தொகைக்கும். ஃபோன் பண்ணிட்டு வந்திருக்கலாமே என்று நான்தான் கேட்டேன். பண்ணினாராம், யாரோ எடுத்து ராங் நம்பர் என்று வைத்துவிட்டாராம். சரி, நேரிலேயே போய்விடலாம் என்று கிளம்பிவிட்டார்.

டீச்சர் பையனைப் பாயில் சாய்த்து உட்காரவைத்தார். ஆயாம்மா டீ போட்டுக் கொடுத்தது. அப்புறம் டீச்சர் அந்த அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னார்: "அண்ணா, கார்டு நாங்க தர முடியாதுங்க. அதுக்குன்னு ஆன்லைன்ல பதியணும், ஊர்லயே இ-சேவை மையத்துல பதியலாம். ஆதார், போட்டோ வேணும். அப்புறம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டருங்க பார்த்து சர்டிபிகேட் தரணும். பணத்துக்கு கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கு, அங்கதான் போகணும். இன்னைக்கு சனிக்கிழமை, லீவு. திங்கள்ல இருந்து வெள்ளிக்குள்ள வாங்க. தசைச்சிதைவுக்குத் தனியா பராமரிப்புத் தொகை இருக்கு, மாசம் ரெண்டாயிரம், அதையும் மறக்காம கேளுங்க." அவர் இன்னொரு முறை கேட்டார், டீச்சர் இன்னொரு முறை சொன்னார், நோட்டுத்தாளில் எழுதியும் கொடுத்தார். "பரவால்லீங்க மேடம், எங்க போகணும்னாவது தெரிஞ்சுதே" என்று சொல்லிவிட்டுப் பையனை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு அவர் கிளம்பினார்.

டீச்சர் என் பக்கம் திரும்பி, பாத்தியா, இதுக்குத்தான் எடுக்கச் சொன்னேன் என்பதுபோலப் பார்த்தார். எனக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பதிவை அழித்தால் அந்த மச்சினர் தேடாமல் இருந்துவிடப்போவதில்லை. அடுத்து வரும் தப்பான பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுப்பார், அங்கே டீச்சரைப்போல உட்காரவைத்துச் சொல்ல ஆள் இருக்குமா என்பது சந்தேகம். அவர் கொஞ்ச நேரத்தில் வாயால் சொன்னாரே, அதுதான் ஊரில் எந்தப் பட்டியலிலும் இல்லாத சரக்கு. வாசலில் நின்று சொல்லும் 'இல்லை'யைத்தானே அவரால் தாங்க முடியவில்லை, அதை அவர்கள் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டால்? "நீங்க அண்ணன்கிட்ட சொன்னதை அப்படியே லிஸ்ட்டுல போட்டுடலாம் டீச்சர்" என்றேன். கொஞ்சம் யோசித்தவர், "நம்மகிட்ட இல்லாததை எல்லாம் நம்ம விளம்பரத்துல போடுவாங்களா?" என்று கேட்டார். போடமாட்டார்கள்தான். என்னிடம் வருகிற வேறு யாராவது கேட்டிருந்தால் நானே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டு படி

கூகுளில் தொழில் விவரம் எழுத 750 எழுத்துதான் இடம். பெரும்பாலானவர்கள் அதைத் 'தரமான சேவை, அனுபவமுள்ள பணியாளர்கள், குறைந்த கட்டணம்' என்று நிரப்பி வீணாக்குவார்கள். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி வந்தது: "12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கான பகல் நேரப் பயிற்சி மையம். தங்கும் வசதி இல்லை. அடையாள அட்டையும் உதவித்தொகையும் இங்கே தருவதில்லை, அதற்கு கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், திங்கள் முதல் வெள்ளி வரை. பெரியவர்களுக்கு முதுகு வலி, மூட்டு வலி சிகிச்சை இல்லை. முதல் முறை வருவதற்கு முன் ஃபோன் செய்யுங்கள். வாசலில் இரண்டு படி உண்டு, தூக்கிவிட ஆள் உண்டு." வயதை முதல் வரியில் வைத்ததற்குக் காரணம் அந்த ஸ்கிரீன்ஷாட்தான். வெட்டுப்பட்டாலும் அது மிஞ்சவேண்டும்.

அந்தப் படி விஷயத்தில் ஒரு சின்னச் சண்டை நடந்தது. மேப்பில் 'சக்கர நாற்காலி உள்ளே வர வசதி உண்டா' என்று ஒரு கேள்வி வரும். வாசலில் பைக் ஏற்றுவதற்காக வீட்டுக்காரர் போட்ட சிமெண்ட் சறுக்கு ஒன்று இருக்கிறது, அதை வைத்து 'உண்டு' என்று போட்டுவிடலாம் என்றார் பிசியோ. டேப் எடுத்து அளந்தோம். இரண்டு படியும் சேர்ந்து 14 அங்குல உயரம். சாய்தளத்துக்கு விதி 1-க்கு 12, அதாவது ஒரு அங்குலம் ஏற 12 அங்குலம் நீளம் வேண்டும். அப்படியானால் 14 அடி. அந்தச் சறுக்கு மூன்றடிகூட இல்லை, பைக்கே திணறித்தான் ஏறும். 14 அடிக்குப் போட்டால் எதிர் வீட்டு வாசல் வரை போய்விடும். 'இல்லை' என்று போட்டோம். மாற்றுத்திறனாளிகளுக்கான மையம் நடத்திக்கொண்டு இப்படிப் போடுவது டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்காரரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார், இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் படியின் படத்தைப் பதிவில் போட்டபிறகு ஒரு அம்மா ஃபோன் செய்து, "படி இவ்ளோதானா, நானே தூக்கிடுவேன், உள்ள பாத்ரூம் எப்படி?" என்று கேட்டார். உடனே பாத்ரூமையும் படம் எடுத்துப் போட்டோம்.

பிள்ளைகள் படம் ஒன்றுகூட இல்லை. அதில் டீச்சர் கறார். தெருத் திருப்பம், கேட், படி, வகுப்பறை, பாத்ரூம், அப்புறம் பதிவுச் சான்றிதழ். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இப்படி ஒரு நிறுவனம் நடத்தப் பதிவுச் சான்று வேண்டும், அதைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டியும் வைக்கவேண்டும். சுவரில் மாட்டியதை மேப்பிலும் மாட்டினோம். சிறப்பாசிரியர்களுக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் உண்டு, அதையும் சேர்த்தோம். (பிசியோவுக்கு அந்தக் கழகம் கிடையாது, அது வேறு சட்டம். அதனால் அவரைப் பார்க்கும்போது இந்த எண்ணைக் கேட்டுக் குழப்பிக்கொள்ளவேண்டாம்.) இது வெறும் பகட்டுக்காகச் செய்தது இல்லை. ஆட்டிசத்தை மூன்றே மாதத்தில் குணமாக்குகிறோம் என்று தலைப்பிலேயே எழுதிவைத்திருக்கும் கூட்டம் நிறைய இருக்கிறது. ஆட்டிசம் மருந்து கொடுத்துத் தீர்க்கும் வியாதி இல்லை என்று டீச்சர் ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருக்கிறார். அப்படிப்பட்ட பதிவுகளுக்கு நடுவில் ஒருவர் எண்ணையும் சான்றையும் காட்டினால், மற்றவர்களிடமும் அதைக் கேட்கலாம் என்றாவது படிப்பவருக்குத் தோன்றும்.

நட்சத்திரம்

இனி என் தொழில் கௌரவம் சம்பந்தப்பட்ட விஷயம். இவ்வளவு செய்தும் மையம் முதலில் வரவில்லை. பொருத்தம், தூரம், எவ்வளவு பிரபலம், இந்த மூன்றையும் வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறோம், காசு கொடுத்து இந்த வரிசையில் முன்னால் வரமுடியாது என்கிறது கூகுள். விளம்பரம் என்று போட்டு வருவது தனி. பொருத்தத்தைச் சரிசெய்துவிட்டோம், தூரம் நம் கையில் இல்லை. பிரபலம் என்பதில் விமர்சனங்களுக்குப் பெரிய பங்கு. டயர் கடைக்காரரிடம் நான் முதலில் சொல்வதே, வர்றவங்ககிட்ட ரெண்டு வரி எழுதிட்டுப் போகச் சொல்லுங்க என்பதுதான்.

இங்கே அதைச் சொல்ல டீச்சர் விடவில்லை. ஒரு அம்மா தன் சொந்தப் பெயரில், தன் படத்தோடு, 'என் மகன் இங்கே வந்தபிறகு நாலு வார்த்தை பேசுகிறான்' என்று எழுதினால், அவர் பையனைப் பற்றிச் சொந்தக்காரர், எதிர்காலப் பள்ளி, பக்கத்து வீடு எல்லோருக்கும் நிரந்தரமாகத் தெரிந்துவிடும். பெற்றோர் தாமாக எழுதினால் எழுதட்டும், நாம் கேட்கக்கூடாது என்றார். கூட வேலை செய்பவர்களையும் சொந்தக்காரர்களையும் வைத்து எழுதுவது விதிப்படியும் தப்பு. ஆகவே நாலைந்து விமர்சனத்தோடு நிற்கிறது. நூறு விமர்சனம் உள்ள மூட்டு வலி கிளினிக்குகள் மேலே இருக்கின்றன. எனக்கு இது உறுத்துகிறது, டீச்சருக்கு உறுத்தவில்லை. பெயருக்குப் பின்னால் 'ஆட்டிசம் ஸ்பீச் தெரபி தர்மபுரி கிருஷ்ணகிரி ஓசூர்' என்று வால் சேர்த்தால் கொஞ்சம் மேலே வரும், பலர் செய்கிறார்கள். அது விதிமீறல், யாராவது புகார் செய்தால் பதிவே முடங்கும். அதைச் செய்யவில்லை.

அதற்குப் பதில் டீச்சர் அந்த 750 எழுத்தையும் ஒரு பக்கத் தாளில் அச்சடித்து, பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்கு, அரசு மருத்துவமனைக்கு, சில அங்கன்வாடி டீச்சர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கிராமத்தில் ஒரு குழந்தை நேரத்துக்கு நடக்கவில்லை, பேசவில்லை என்று முதலில் கவனிப்பது அவர்கள்தான், அம்மாக்கள் கேட்பதும் அவர்களிடம்தான். தாளில் இருப்பதும் மேப்பில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. மருத்துவமனையில் தாளைப் பார்த்தவர் மேப்பில் தேடினாலும் அதே நம்பர், அதே நேரம். ஆன்லைன் ஆள் நான் இதைச் சொல்லக்கூடாது, ஆனால் அந்தத் தாள்தான் நான் செய்து கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்கிறது.

ஃபோன் குறையவில்லை, பேச்சு மாறியிருக்கிறது. முன்னால், "அது என்ன ஆபீஸுங்க?" என்று தொடங்குவார்களாம். இப்போது, "பாப்பாவுக்கு அஞ்சு வயசு, நடக்கறா, பேச்சு வரல, இடம் இருக்குங்களா?" என்று தொடங்குகிறார்கள். இடம் இல்லையென்றால் அதையும் ஃபோனிலேயே சொல்லி, காத்திருப்பு நோட்டில் பெயர் எழுதிக்கொள்கிறார். அட்டைக்காக ஆள் வருவது அறவே நிற்கவில்லை, பழைய குட்டிப் பட்டியல்கள் சில இன்னும் திருத்தாமல்தான் கிடக்கின்றன. மெயில் போட்டால் பதில் இல்லை. எடுக்கச் சொல்லி டீச்சர் இப்போது கேட்பதில்லை. மாதம் ஒருமுறை, லீவு நாள் எல்லாம் சரியாகப் போட்டாயா என்று மட்டும் கேட்பார்.

ஒரு வரி மட்டும் எழுதமுடியாமல் நிற்கிறது. 12 வயது வரை என்று போட்டாயிற்று, அதற்கு மேல் எங்கே போவது? பதின்மூன்று, பதினான்கு என்றால் பள்ளி வழியாக வட்டார வள மையத்தைச் சொல்லலாம். 18 தாண்டிய பிள்ளையை வைத்துக்கொண்டு ஃபோன் செய்கிறவர்களுக்கு என்ன சொல்வது? மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையில் பகல் நேரப் பராமரிப்புக்கு 'திஷா-கம்-விகாஸ்' என்று திட்டமே இருக்கிறது, ஆனால் திட்டத்தின் பெயரைச் சொல்லி எந்த பஸ்ஸிலும் ஏற்றிவிட முடியாது. தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ 18 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் மையம் நடத்துகிறவர் யாராவது இதைப் படித்தால், முதலில் உங்கள் பதிவில் வயதை எழுதுங்கள், வாசலில் எத்தனை படி என்பதை எழுதுங்கள். அப்புறம் எனக்கும் ஒரு தகவல் அனுப்புங்கள். 750-ல் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது, உங்கள் பெயரைச் சேர்த்துவிடுகிறேன்.